பொனட்டில் காற்றுக்கு ஒரு வழி

2025 பெப்ரவரி 9, ஞாயிறு, தலவாக்கலை

கம்பளையிலிருந்து புஸல்லாவை வரை என் யூனோஸ் ரோட்ஸ்டர் கார் சுகமாக ஏறியது, எஞ்சின் தண்ணீரின் சூடு மீட்டரில் 93 பாகை. ரம்பொடை வளைவுகளில் முன்னால் ஒரு சீமெந்து லொறி. முந்த இடமில்லை, இரண்டாம் கியரிலேயே ஊர்ந்து லபுக்கலையைத் தாண்டும்போது 106 காட்டியது. இது நான் தனியாகப் பூட்டிய டிஜிட்டல் மீட்டர். காரோடு வந்த ஊசியை நம்பி இந்த மலையில் ஓட்ட முடியாது; சூடு நன்றாக ஏறினாலும் அது நடுவிலேயே நிற்கும்.

நுவரெலியா உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி பிடித்துவைக்கும் அழுத்தம்தான் நம்மைக் காப்பாற்றுகிறது. காற்றும் மெலிந்திருப்பதால் அதே வேகத்தில் போனாலும் ரேடியேட்டரில் இருந்து அள்ளிக்கொண்டு போகும் சூடு குறைவு. கொழும்பில் ஒரு குறையும் சொல்லாத கார் இங்கே திணறுவதில் அதிசயமில்லை.

பெப்ரவரி 16, ஞாயிறு

சூடான காற்று வெளியேற, எஞ்சினை மூடும் பொனட்டில் ஓட்டை போடும் யோசனை வெகுநாளாக இருக்கிறது. ஆனால் மற்றதெல்லாம் சரியா என்று பார்க்காமல் பிளேடைத் தொடுவதில்லை. தெர்மோஸ்டாட், மூடி இரண்டும் புதிது. விசிறிகள் நேரத்துக்குச் சுழல்கின்றன. ரேடியேட்டரின் ஓரங்களில்தான் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. காற்று எப்போதும் இலகுவான வழியைத்தான் தேடும். ரேடியேட்டருக்குள் புகாமல் பக்கத்தால் நழுவிவிடும். அடர்த்தியான ஸ்பொஞ்ச் பட்டிகளை ஒட்டி அடைத்தேன். அதற்கே மூன்று பாகை குறைந்தது. முன்பக்கத்தின் அடித்தகடு கழன்று கிடக்கும் கார்களைப் பார்த்தால் எனக்கு மனம் கேட்காது. அந்தத் தகடும் காற்றை ரேடியேட்டருக்குள் தள்ளத்தான் இருக்கிறது.

உள்ளே போகும் வழி சரி. வெளியே? தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் தொட்டியைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். விசிறி எவ்வளவு பெரிதாக இருந்தாலும், மேலே கொழுந்தை இறுக்கிப் பரப்பிவிட்டால் காற்று ஏறாது. ரேடியேட்டரைத் தாண்டிய சூடான காற்றும் எஞ்சினைச் சுற்றி முட்டிக்கொண்டு, கீழ்வழியாக மட்டுமே வெளியேறப் பார்க்கிறது.

மார்ச் 2, ஞாயிறு

நண்பன் பொனட்டின் மேல் முன்பக்கம் பார்த்து வாய் திறந்த ஸ்கூப், அதாவது காற்றை உள்ளே அள்ளும் கூடு, வைக்கச் சொல்கிறான். பார்வைக்கு நன்றாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெளியே போக வேண்டிய காற்றுக்கு எதிராக அது புதுக்காற்றைத் திணிக்கும். பொனட்டின் பின்பக்கத்தை வொஷர் வைத்து உயர்த்துவதும் அப்படித்தான். ஓடும்போது முன்கண்ணாடியின் அடியில் அழுத்தம் கூடுதல். காற்று அங்கிருந்து உள்ளேதான் வரும்.

பொனட்டின் அடியில் இருப்பதைவிட மேலே அழுத்தம் குறைவான இடத்தில் வெட்டினால்தான் காற்று வெளியே போகும். அந்த இடத்தை ஊகிக்க விரும்பவில்லை. மெல்லிய பிளாஸ்டிக் குழாயில் சாயம் கலந்த தண்ணீர் ஊற்றி, ஒரு முனையைப் பொனட்டின் மேலும் மறுமுனையை அடியிலும் ஒட்டினேன். 60 கிலோமீட்டர் வேகத்தில் காற்று முழுவதையும் தடுத்து நிறுத்தினாலே இந்த உயரத்தில் 14 மில்லிமீட்டர் தண்ணீர்தான் ஏறும். அதில் ஒரு பங்கைப் படிப்பது கஷ்டம். எனவே குழாயை ஒரு பலகையில் நன்றாகச் சாய்த்துப் பொருத்தினேன். சின்ன ஏற்றமும் நீளமாகத் தெரியும். பலகை காரின் குறுக்காக இருக்க வேண்டும், நெடுக்காக வைத்தால் வீதி ஏறி இறங்குவதெல்லாம் கணக்கில் சேர்ந்துவிடும். அதிகாலையில் ஒரே சமதரையில் போகவும் வரவும் ஓட்டினோம். நான் ஸ்டியரிங்கில், நண்பன் குழாயில்.

ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால், பொனட்டின் முன் மூன்றில் ஒரு பங்கில், தண்ணீர் மேல்முனையின் பக்கம் தெளிவாக இழுபட்டது. கண்ணாடிக்குப் பக்கத்தில் நேர்மாறு. அவன் “மச்சான், இழுக்குதுடா!” என்று கத்தியது எனக்குப் பெரிய சந்தோஷம்.

மார்ச் 9, ஞாயிறு, ஹட்டன்

கார்த் தகடு வேலை செய்யும் டிங்கரிங் பாஸ் பொனட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது அலுமினியம். வெட்டினா திருப்பி ஒட்டுறது லேசில்ல, யோசிச்சுக்க” என்றார்.

“அளந்துட்டுத்தான் வந்திருக்கேண்ணே.”

அடிப்பக்கத்து விலாச் சட்டங்களைத் தொடாமல், அவற்றுக்கு இடையில் இரண்டு செவ்வகங்கள். நான்கு மூலையிலும் முதலில் வட்டத் துளை. கூர்மூலை விட்டால் அதிர்வில் அங்கிருந்துதான் வெடிப்பு தொடங்கும். இரு பக்கமும் டேப் ஒட்டி, நுண்பல் பிளேடில் மண்ணெண்ணெய் தடவி மெதுவாக அறுத்தார். அலுமினியத் தூள் பல்லில் அடைத்துக்கொள்ளும் என்பதால் அவசரப்படவே இல்லை. 1.2 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில், பின்பக்கம் பார்த்துத் திறக்கும் சாய்ந்த பட்டைகள், ஒவ்வொரு திறப்புக்கும் மூன்று. முன்விளிம்பில் 15 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு மடிப்பு. மோதும் காற்று அதைத் தாண்டி எழும்போது பின்னால் அழுத்தம் இன்னும் குறையும். ரிவிட்டும் அலுமினியம்தான். துருப்பிடிக்காத இரும்பு ரிவிட் போட்டால் மழையில் அதைச் சுற்றியுள்ள அலுமினியம் அரித்துப்போகும்.

அரம் போட்ட விளிம்பைப் பாஸ் கட்டைவிரலால் நெடுகத் தடவிப் பார்த்து, ஓரிடத்தில் நிறுத்தி, மறுபடி அரத்தை எடுத்தார். இந்த மாதிரிக் கைகள் இருக்கும்வரை நம் ஊரில் எந்தக் காரையும் ஓட்டலாம்.

மார்ச் 23, ஞாயிறு

அதே கம்பளை ஏற்றம். ஓட்டமாக வந்த இடங்களில் 88, 89. லபுக்கலையில் வேண்டுமென்றே ஒரு பஸ்ஸின் பின்னால் ஊர்ந்தேன்: 101. ஸ்பொஞ்ச் மட்டும் இருந்தபோது அங்கே 103. ஊர்ந்து போகும்போது காற்றை இழுக்க வேகம் இல்லை. விசிறியும், தானாக மேலெழும் சூடும்தான் வேலை செய்கின்றன. திறப்புகளின் முழுப் பலன் ஓடும்போதுதான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பின்னேர மழை தொடங்கிவிட்டது. ஓடும்போது பிரச்சினை இல்லை, வெளியேறும் காற்றே பெரும்பாலான துளிகளைத் தள்ளிவிடுகிறது. நிறுத்தினால்தான் நேராக உள்ளே கொட்டுகிறது. இக்னிஷன் கொயில் இந்தக் காரில் எஞ்சினுக்குப் பின்னால் இருப்பது நல்லதாய்ப் போயிற்று. அடியில் தட்டு வைத்தால் காற்றோட்டம் கெடும், அதனால் மேல்மூடிதான். பொனட் அலுமினியம் என்பதால் காந்த மூடி ஒட்டாது. ரப்பர் ஷீட்டை வெட்டி, பட்டைகளில் கொக்கி மாட்டி இழுத்துக் கட்டுகிறேன். நேற்று நானுஓயாவில் ஒரு மணிநேர மழை. மூடியைக் கழற்றிப் பொனட்டைத் திறந்தேன். எஞ்சின் மேல் காய்ந்தே இருந்தது.

இனிப் பெயின்ட். அலுமினியத்தில் நிற்கும் எட்ச் பிரைமர் கண்டியில் கிடைக்கிறதாம், அடுத்த வாரம் போகிறேன்.