ஒப்பினல் 8: கடலோர ஈரத்துக்குப் பழக்கிய மடக்குக் கத்தி

குறைந்த விலையில் மடக்குக் கத்தி தேடுகிறவர்கள் பூட்டைப் பார்க்கிறார்கள், கிளிப்பைப் பார்க்கிறார்கள், ஒரு கையால் திறக்கிறதா என்று பார்க்கிறார்கள். அலகு எவ்வளவு தடிமன் என்று கேட்பவர் குறைவு. பையில் வைத்துத் திரிகிற கத்திக்கு அன்றாடம் வருகிற வேலை பார்சல் டேப், சாக்குத் தையல், சணல் கயிறு, கொய்யா, ஆப்பிள். 3 மி.மீ. முதுகு கொண்ட அலகு ஆப்பிளை அறுப்பதில்லை, பிளக்கிறது. அறுப்பது மெல்லிய அலகு. கொடுக்கிற காசு பூட்டுக்குப் போகாமல் அலகுக்குப் போக வேண்டும் என்பதே இங்கே தேர்வுக்கான அளவுகோல். அப்படிப் பார்த்தால் முதலில் நிற்பது ஒப்பினல் 8.

பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினல் 1890இல் உருவாக்கிய வடிவம் இது. 1897இல் 1 முதல் 12 வரை எண் போட்டு அளவுகள் வந்தன. பிற்பாடு நடந்த பெரிய மாற்றம், 1955இல் சேர்ந்த ‘விரோப்ளாக்’ பூட்டு வளையம். மொத்தம் ஐந்தே பாகங்கள்: அலகு, பீச் (beech) மரப் பிடி, குறுக்கு ஆணி, அசையாத வளையம், அதன்மேல் சுழலும் வளையம். ஸ்பிரிங் கிடையாது. 8ஆம் எண்ணின் அலகு 8.5 செ.மீ., முதுகு 2 மி.மீ.க்கும் குறைவு, எடை ஏறத்தாழ 45 கிராம்.

அளவு

வாங்குவதற்கு முன்பே சட்டத்தைப் பார்த்துவிடுவது நல்லது. இந்திய ஆயுத விதிகள் 2016 குறிப்பிடும் வரம்பு 9 அங்குல நீளம் அல்லது 2 அங்குல அகலத்துக்கு மேற்பட்ட அலகு. இந்தக் கத்தி அதன் பக்கத்திலேயே வராது. ஆனால் டெல்லியில் கத்திகளைக் கட்டுப்படுத்தும் தனி அறிவிக்கை 1980 முதல் உண்டு. ஸ்பிரிங், பட்டன் போன்ற விசையால் இயங்கும் கத்தியின் அலகு 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் எட்டினால் அதன்கீழ் வரும். சுழலும் வளையத்தையும் விசை என்று ஒருவர் வாதிட இடமிருப்பதால், டெல்லிக்கு 7 செ.மீ. அலகுள்ள 6ஆம் எண்ணே போதும். பிரிட்டனில் கதை வேறு: திறந்த நிலையில் பூட்டிக்கொள்ளும் கத்தியைத் தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் வைத்திருக்கக் கூடாது. அங்குள்ளவர்களுக்கு வளையமே இல்லாத, 6 செ.மீ. அலகுள்ள 5ஆம் எண் பொருந்தும். விமானத்தில் எந்த அளவானாலும் கைப்பையில் வேண்டாம், சரக்குப் பெட்டியில் போடுங்கள்.

கார்பனா, இனாக்ஸா

கார்பன் அலகில் சுமார் 0.9% கார்பன். சீக்கிரம் கூராகும், சீக்கிரம் துருப்பிடிக்கும். இனாக்ஸ் என்பது ஸ்வீடனின் 12சி27 வகைத் துருப்பிடிக்காத எஃகு. கூர் நிற்கும் காலத்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அட்டைப்பெட்டி அறுப்பவரால் கண்டுபிடிக்க முடியாது. மாங்காய், எலுமிச்சை, வாழைப்பூ அறுப்பதானால் இனாக்ஸ் வாங்குங்கள். கார்பன் அலகு அதில் கறுத்து, காய்க்கும் இரும்பு வாடை ஏற்றும். இந்தக் குறிப்பு கார்பனைப் பற்றியது. கடற்கரை ஊரில் வம்பை விலைக்கு வாங்குகிற வேலைதான், ஆனால் தீட்டிப் பழக இதைவிட நல்ல அலகு இந்த விலையில் இல்லை.

கடையில் பார்க்க வேண்டியவை: மூடினால் அலகு காடியின் (பிடியில் அலகு மடங்கிப் புகும் பள்ளம்) நடுவில் இறங்க வேண்டும். முனை மரத்துக்குள் முழுதாக மறைய வேண்டும். ஆணியைச் சுற்றி மரத்தில் மயிரிழை விரிசல் இருக்கக் கூடாது. வளையத்தைத் திருகுமுன் அலகு இலேசாக ஆடினால் பரவாயில்லை. திருகியபின் ஆடினால் வேறு ஒன்றை எடுங்கள்.

முதல் வேலை: மரம்

பீச் மரம் ஈரத்துக்கு மிக அதிகமாக அசையும் மரங்களில் ஒன்று. பிடியின் வெளிப்புறத்தில் வார்னிஷ் உண்டு, காடியின் உட்புறம் வெறும் மரம். ஈரக்காற்று அந்த வழியாக ஏறி, இரண்டு கன்னங்களும் உப்பி அலகின் அடியைக் கவ்விக்கொள்ளும். ஐப்பசி மழையில் நகத்தால் திறக்கவே முடியாது. உடனடி வைத்தியம் சவோய்க்காரர்களுடையது: வளையத்தைத் திறந்த நிலையில் வைத்து, பிடியின் பின்முனையை மேசையில் ஒரு தட்டு. அலகு எகிறிக் கொஞ்சம் வெளியே வரும், விரலால் பிடித்துத் திறக்கலாம். நிரந்தர வைத்தியத்துக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

முதலில் கத்தியைச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் இரண்டு நாள் வைத்து உலர்த்த வேண்டும். வெயிலும் அடுப்பும் கூடாது, ஆணியருகே வெடிக்கும். பிறகு சுழலும் வளையத்தை எடுக்க வேண்டும். அதன் இரு நுனிகளையும் சர்க்கிளிப் பிளையரால் (வளையத்தை விரிக்கும் குறடு) கழலும் அளவுக்கு மட்டும் விரித்தால் போதும். அதிகம் விரித்தால் திரும்பப் போட்டதும் தானாகச் சுழலும். அப்படி ஆகிவிட்டால் துணி சுற்றிய குறடால் இலேசாக நெருக்கினால் சரியாகும்.

எங்கே உரசுகிறது என்பதை மரமே காட்டும். காடியின் உள்ளே ஆணியை ஒட்டிச் சாம்பல் நிறத் தேய்ப்புத் தெரியும். 400 எண் உப்புத்தாளை விரலகல நாடாவாக வெட்டி, சொரசொரப்பான பக்கம் மரத்தைப் பார்த்திருக்கும்படி, அலகின் அடிக்கும் மரத்துக்கும் நடுவே நுழைத்து இழுக்க வேண்டும். ஒரு பக்கம் பத்து இழுப்பு, அடுத்த பக்கம் பத்து, மூடித் திறந்து சோதனை. காடியின் மற்ற இடங்களுக்கு 240 எண் தாளைப் பழைய ஏடிஎம் அட்டையில் சுற்றித் தேய்க்கலாம். மரம் உப்பிய நிலையில் இதைச் செய்யவே கூடாது. அப்போது சரியாக இருக்கும்படி தேய்த்தால், பங்குனியில் மரம் காய்ந்ததும் அலகு பைக்குள் தானே தொங்கும். உலர்ந்த மரத்தில் சற்றே இலேசாக நகர்ந்தால் போதும்.

அதன்பின் வாசலின். ஹேர் டிரையரால் பிடியைக் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து, ஆணிப் பகுதியிலும் காடியிலும் தடவி, உருகி உள்ளே போகப் போக மேலும் தடவ வேண்டும். இனி குடிக்காது என்றதும் துடைத்து மறுநாள் வரை விடலாம். இது ஈரத்தைத் தடுக்காது, ஏறும் வேகத்தைக் குறைக்கும். ஒரு மழைக்கும் அடுத்த வெயிலுக்கும் நடுவே அந்த வேகக் குறைவே தேவை. நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் இரண்டும் காற்றுப்பட்டுப் பிசினாகி ஆணியை இறுக்கும். ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்கள் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அது தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. விரித்துக் காயவையுங்கள்.

அலகைக் கறுப்பாக்குதல்

துருவுக்கு முந்திக்கொண்டு ஒரு கரும்படலம் ஏற்றினால் செந்துரு பிடிப்பது குறையும். பால் சேர்க்காத கெட்டித் தேநீரை ஆறவைத்து, அதே அளவு வெள்ளை வினிகர் சேர்த்து, உயரமான ஒடுக்கமான கிளாசில் ஊற்ற வேண்டும். அலகைப் பாத்திரம் கழுவும் சோப்பால் எண்ணெய்ப் பசை போகத் தேய்த்து, வளையத்துக்குக் கீழே திரவம் நிற்கும்படி தொங்கவிட வேண்டும். 20 முதல் 30 நிமிடம். திட்டுத்திட்டாக வந்தால் காரணம் விரல் ரேகை. வெள்ளிப் புள்ளிகள் இருந்தால் அங்கே குமிழி ஒட்டியிருந்தது, நடுவில் ஒருமுறை அசைத்தால் போகும். இரவு முழுக்க விட்டால் அமிலம் மேற்பரப்பைத் தின்று சொரசொரப்பாக்கும். எடுத்தவுடன் சமையல் சோடா கரைத்த நீர், பிறகு நல்ல தண்ணீர், துடைத்துவிட்டுத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. பழம் அறுக்கிற கத்தியானால் அந்தச் சொட்டு தேங்காய் எண்ணெயாக இருக்கட்டும்.

கூர்

வினிகர் கூரையும் தின்றிருக்கும், ஆகவே தீட்டுவது கடைசியில்தான். கோணத்துக்குக் கருவி வேண்டாம். கல்லிலிருந்து முதுகின் உயரம் அலகின் அகலத்தில் நாலில் ஒரு பங்கு என்றால் 14.5 பாகை, மூன்றில் ஒரு பங்கு என்றால் 19.5 பாகை. பழத்துக்கு முன்னது, அட்டைக்கும் கயிற்றுக்கும் பின்னது. 1000 எண் தண்ணீர்க்கல்லில் ஒரு பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தால் எதிர்ப்பக்கத்தில் பிசிறு எழும். கட்டைவிரலைக் குறுக்கே இழுத்தால் தட்டுப்படும். அடியிலிருந்து முனைவரை அது எழாமல் பக்கம் மாற்றுவதுதான் கூர் வராததற்கு வழக்கமான காரணம். இரு பக்கமும் ஆனபின் அழுத்தத்தைக் குறைத்துப் பக்கம் மாற்றி மாற்றித் தேய்த்துப் பிசிறைத் தேயவைத்து, தோல் வாரில் முதுகு முன்னே போக இழுத்தால் செய்தித்தாளைச் சத்தமின்றி அறுக்கும்.

தெருவில் வருகிற சாணைச் சக்கரத்துக்கு இந்த அலகைக் கொடுக்காதீர்கள். அரிவாளுக்கு அது சரி. இவ்வளவு மெல்லிய விளிம்பு, தண்ணீர் படாத சக்கரத்தில் நொடியில் நீலம் பாய்ந்துவிடும். நீலம் என்றால் சுமார் 300 டிகிரி. எஃகின் பதம் அங்கேயே இறங்கி, எத்தனை முறை தீட்டினாலும் அந்த இடம் மட்டும் மழுங்கும். நீலம் பட்ட பகுதி தேய்ந்து தீரும்வரை வழியில்லை.

இவ்வளவும் செய்தபின் இரண்டு கட்டுப்பாடுகள். குழாயடியில் பிடியோடு கழுவாமல் ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்துவது ஒன்று. பெயிண்ட் டப்பா மூடியை முனையால் நெம்பாதிருப்பது மற்றது, மெல்லிய அலகின் விலை அதுதான். பொங்கல் வாக்கில் வாசலினை ஒருமுறை திரும்பப் பூசினால் போதும். அப்போதும் மழைக்காலத்தில் இறுகினால், உலரவைத்து உப்புத்தாள் நாடாவை இன்னும் பத்து இழுப்பு.