ஒரே இடத்தில் அறும் முதல் கம்பி

பெஞ்சில் இருப்பது ஸ்ட்ராட் வகை எலெக்ட்ரிக் கிடார். கழுத்தின் முனையில் கம்பியைத் தாங்கும் நட்டிலிருந்து, பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் சாடில் வரை 25.5 அங்குலம், அதாவது 648 மில்லிமீட்டர். அசைத்துச் சுருதியை மாற்றும் ட்ரெமலோ பிரிட்ஜ், தகட்டை வளைத்துச் செய்த ஆறு ஸ்டீல் சாடில்கள், 10-46 செட் (மெல்லிய கம்பி 0.010 அங்குலம், தடித்தது 0.046). இரண்டு வாரத்தில் மூன்று முதல் கம்பிகள், அதாவது மிக மெல்லிய 'இ' கம்பிகள், போய்விட்டன. மற்ற ஐந்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. மட்டமான கம்பி, அல்லது வாசிப்பவர் கை முரடு என்றுதான் வழக்கமாகச் சொல்வார்கள். ஒரே கம்பி மூன்று முறையும் ஒரே இடத்தில் அறுந்திருந்தால் கிடாரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அறுந்த துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கம்பியை பிரிட்ஜில் நிறுத்தும் குண்டு உள்ள பக்கத்துத் துண்டை மறுபடி பிரிட்ஜ் வழியாக விட்டு இழுத்துப் பிடித்தால், அதன் நுனி எங்கே வந்து நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. இந்த மூன்று துண்டுகளின் நுனியும் சாடிலின் உச்சியில் வந்து நின்றன. ஒன்றுக்கொன்று ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. நுனியை லென்ஸ் வைத்தும் பார்க்கலாம். அளவுக்கு மீறி இறுக்கியதால் அறுந்த கம்பியின் நுனி சற்று மெலிந்திருக்கும். கீறல் விழுந்து, அந்த இடத்திலேயே திரும்பத் திரும்ப வளைந்து அறுந்தது மெலியாமல் தட்டையாக இருக்கும். இங்கே மூன்றுமே தட்டை.

இறுக்கத்தால் அறுந்திருக்குமா என்று கணக்குப் போட்டும் பார்த்துவிடலாம். 0.010 அங்குல முதல் கம்பி 329.6 ஹெர்ட்ஸில் நிற்கும்போது இழுவிசை சுமார் 7.4 கிலோ. அந்தக் கனத்தில் நல்ல ஸ்டீல் கம்பி 13 கிலோவுக்கு மேல் தாங்கும். சுருதியை ஒரு ஃபிரெட் (கழுத்தின் ஒரு கட்டம், அரை ஸ்வரம்) ஏற்றினால் இழுவிசை 12 சதவீதம் கூடும். கம்பியைப் பக்கவாட்டில் தள்ளி இரண்டு ஃபிரெட் அளவுக்கு முழு பெண்ட் செய்தால் 26 சதவீதம், அதாவது 9.3 கிலோ. அப்போதும் தாராளமாக இடம் இருக்கிறது. காயமில்லாத கம்பி பெண்ட் செய்வதால் மட்டும் அறாது.

தடித்த கம்பி போட்டால் சரியாகிவிடும் என்ற யோசனையும் இந்தக் கணக்கில் அடிபட்டுப் போகிறது. கம்பி தடித்தால் வலு கூடும், ஆனால் அதே சுருதிக்கு வர இழுவிசையும் அதே விகிதத்தில் கூட வேண்டும். 9 போட்டாலும் 11 போட்டாலும் 'இ'யிலிருந்து ஏறக்குறைய ஐந்து ஃபிரெட் ஏற்றினால் அறுந்துவிடும். தடித்த கம்பியில் ஒரு கீறல் கொஞ்சம் குறைவாகப் பாதிக்கும் என்பது மட்டுமே லாபம்.

சாடிலுக்கு வருவோம். முதல் கம்பியைக் கழற்றியதும், கம்பியின் அதிர்வை வாங்கும் காந்தப் பிக்கப்புகள் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட வேண்டும். ராவும்போது விழும் இரும்புத் தூள் காந்தத்தில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு. பிறகு ஒரு சிட்டிகை பஞ்சை சாடில் உச்சியில் கம்பி போகும் திசையிலேயே இழுத்துப் பார்த்தோம். மற்ற ஐந்து சாடிலிலும் வழுக்கிக்கொண்டு போன பஞ்சு, முதல் சாடிலில் நார்நாராக மாட்டிக்கொண்டது. எந்த இடம் என்று துல்லியமாகத் தெரிய உச்சியை மார்க்கரால் கறுப்பாக்கி, கம்பியைப் போட்டு சுருதி ஏற்றி, நாலு பெண்ட் செய்து கழற்றினோம். மை அழிந்த கோட்டின் நடுவில், முன்விளிம்பில், பூச்சு உரிந்து ஒரு பிசிறு தூக்கிக்கொண்டிருந்தது. கண்ணுக்கு லேசாகத்தான் தெரியும். நகத்தால் தடவினால் உடனே அகப்படும்.

சரி செய்த விதம்: 400 எமரித் தாளை 3 மில்லிமீட்டர் அகலத்தில் நறுக்கி, கம்பி வளைந்து போகும் அதே வளைவில் பதினைந்து இழுப்பு. அடுத்து 800, அதன் பிறகு 1500. கடைசியில் பழைய முதல் கம்பித் துண்டில் பிராஸோ என்ற உலோக பாலிஷைத் தடவி, பள்ளத்தில் முன்னும் பின்னும் இழுத்து மெருகு. ஒவ்வொரு தாளுக்குப் பிறகும் பஞ்சு சோதனை. பஞ்சு மாட்டாமல் போனதும் நிறுத்திவிட வேண்டும், அழகுக்காக இன்னும் ராவக் கூடாது. பள்ளம் ஆழமானால் கம்பி தாழ்ந்து ஃபிரெட்டில் உரசும். உச்சி தட்டையாகிவிட்டால் கம்பி அதன் மேல் படிந்து இரையும். தம்புராவில் ஜீவா நூல் வைத்து வேண்டுமென்றே வரவழைக்கிற அந்த நாதம் இங்கே வேண்டாம். கம்பி விட்டு விலகுகிற முன்விளிம்பு எப்போதும் உயர்ந்த புள்ளியாகவே இருக்கட்டும்.

பிரிட்ஜ் தகட்டின் துளை விளிம்பிலும் கம்பி லேசாக உரசிக்கொண்டிருந்தது. சின்ன உருண்டை அரத்தால் அதையும் மழுக்கியாயிற்று. பூச்சு போன இடம் துருப்பிடிக்கும் என்பதால், பென்சில் கரித்தூளை வாசலினில் குழைத்து ஊசி முனை அளவு வைத்தோம்.

நாலாவதாகப் போட்ட முதல் கம்பி வேண்டுமென்றே அதே பிராண்ட், அதே கனம். கம்பியையும் மாற்றி சாடிலையும் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாமல் போய்விடும். 12-ஆம் ஃபிரெட்டில் ஐம்பது முழு பெண்ட் தாங்கியது. ஐந்து வாரம் கழித்து அறுந்து அல்ல, துரு ஏறித்தான் கழன்றது. கடலோர ஊர்களில் வியர்வையும் உப்புக் காற்றும் சேர்ந்து பூச்சில்லாத கம்பியைச் சீக்கிரம் தின்றுவிடும். வாசித்து முடித்ததும் கம்பியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடைத்தால் ஆயுள் கூடும்.

இதற்கிடையில் நாலாம் கம்பி, அதாவது 'டி', ஒரு தடவை அறுந்தது. இடம் வேறு: கம்பியை இறுக்கும் கீயின் தண்டுத் துளை. ஒரே ஒரு சுற்றுதான் இருந்தது, முழு இழுவையும் துளை விளிம்பின் கூர்மையில் விழுந்திருக்கிறது. மேலே மெல்லிய கம்பி சுற்றிய தடித்த கம்பிக்குத் தண்டில் இரண்டு மூன்று சுற்று, வெறும் கம்பிக்கு மூன்று நாலு சுற்று வேண்டும். தண்டைத் தாண்டி 5 சென்டிமீட்டர் விட்டு நறுக்கினால் ஏறக்குறைய சரியாக வரும். சுற்றிய கம்பியை முதலில் மடக்கிவிட்டு அதற்கப்பால் நறுக்குங்கள். நேராக நறுக்கினால் சில கம்பிகளில் மேல்சுற்று தளர்ந்துவிடும்.

அகூஸ்டிக் கிடாரில் இன்னொன்று உண்டு. கம்பியைப் பிடிக்கும் முளை (பின்) குத்தும் துளைக்கு அடியிலுள்ள பலகை தேய்ந்துவிட்டால் குண்டு மேலே ஏறிவிடும். குண்டருகே முறுக்கியிருக்கும் பகுதி சாடில் மேல் வந்து உட்காரும், அங்கேயே அறும். பழைய கம்பியிலிருந்து ஒரு குண்டைக் கழற்றிப் புதுக் கம்பியில் கோத்துப் போட்டால் முறுக்கு கீழே இறங்கிவிடும். பலகையைச் சரி செய்யும் வரை இது போதும்.

போட்ட அன்றே கம்பி அறுகிறது என்றால் டியூனரைப் பாருங்கள். எந்த ஆக்டேவின் 'இ' என்று பல டியூனர்கள் காட்டுவதில்லை. ஒரு ஆக்டேவ் மேலே போக நாலு மடங்கு இழுவிசை வேண்டும், அதற்கு வெகு முன்பே கம்பி போய்விடும். ஹெர்ட்ஸ் காட்டும் செயலி வைத்து 82.4, 110, 146.8, 196, 246.9, 329.6 என்று சரிபார்த்துக்கொள்ளலாம்.

இன்னும் மிச்சம்: மூன்றாம் கம்பியின் சுருதியை ஏற்றும்போது நட்டில் 'டிக்' என்று ஒரு சத்தம் வருகிறது. கம்பி பள்ளத்தில் சிக்கி, பிறகு துள்ளி நகர்கிறது. பென்சில் கரி போட்டதில் பாதி குறைந்தது. பள்ளம் 0.017 கம்பிக்குக் குறுகலாகத் தெரிகிறது, அடுத்த செட் மாற்றும்போது அதை அகலப்படுத்த வேண்டும்.