அப்பாவின் பிரஷர் மாத்திரையும் கண்ணும்

ஜூலை 21, மன்னார்குடி

தஞ்சாவூரில் அப்பாவைக் கண் டாக்டரிடம் காட்டிவிட்டு இப்போதுதான் வந்தோம். கையில் மஞ்சள் மருந்து ஏற்றி விழித்திரையைப் படம் எடுத்தார்கள். ரத்தக்குழாய்கள் வெள்ளை வெள்ளையாக ஓடுகின்றன. நடுப்பகுதிக்குப் பக்கத்தில் மட்டும் வெள்ளை குழாயைத் தாண்டி வெளியே பரவிக் கிடக்கிறது. அதுதான் கசிவு. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு, அதைப் பற்றிப் பேசுவார் என்று நினைத்தேன். டாக்டர் முதலில் கேட்டது, "ஐயா, பிரஷர் மாத்திரை தினம் போடுறீங்களா?"

அப்பா பேசவில்லை. தலைச்சுற்றல் நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிட்டாராம். பார்த்தால் 168/96. ஒன்றிரண்டு நாள் ஒன்றுக்குப் போனால் மஞ்சளாகத்தான் இருக்கும், பயப்படாதீர்கள் என்று அனுப்பினார்கள்.

ஜூலை 23

அப்பாவுக்கு வயல் கணக்கில்தான் சொன்னேன். எலி வளை விழுந்த வரப்பு. மடையில் தண்ணீர் வேகமாக வந்தால் கசிவும் கூடும். சர்க்கரை குழாய்ச் சுவரைத் தாங்கும் செல்களை அழிக்கிறது, பிரஷர் அந்தச் சுவரை உள்ளேயிருந்து தள்ளுகிறது. "அப்படிச் சொல்லும்மா" என்றார்.

1998-இல் பிரிட்டனில் வெளிவந்த பெரிய ஆய்வில், பிரஷரைக் கட்டுப்படுத்திய சர்க்கரை நோயாளிகளுக்கு விழித்திரைப் பாதிப்பு முற்றுவது 34 சதவீதம் குறைந்தது. கேப்டோப்ரில், அட்டெனலால் என்று அதில் கொடுத்த இரண்டு பிரஷர் மாத்திரைகளுமே ஏறக்குறைய ஒரே பலன்தான் தந்தன. ஆக, எந்த மாத்திரை என்பதைவிட பிரஷர் இறங்குகிறதா என்பதே முக்கியம். அதற்காக அடிமட்டம் வரை இறக்கவும் வேண்டாம்: மேல் அளவை 120-க்குக் கீழே கொண்டுபோன 2010 அக்கார்ட் ஆய்வில் கண்ணுக்குக் கூடுதல் நன்மை தெரியவில்லை.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. சித்ரான்னம் செய்தோம். அப்பா அப்பளத்தையும் ஊறுகாயையும் தானே ஒதுக்கினார். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

ஆகஸ்ட் 9

எனலாப்ரில் என்ற பிரஷர் மாத்திரை போட்டதிலிருந்து வறட்டு இருமல், ராத்திரியெல்லாம். அந்த மாத்திரைக்கு அது உண்டு. டாக்டர் லோசார்ட்டன் என்ற வேறு பிரஷர் மாத்திரைக்கு மாற்றிக்கொடுத்து, ரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டுவது) பொட்டாசியமும் பார்க்கச் சொன்னார். இருமலுக்காக யாரும் பிரஷர் மாத்திரையையே விட்டுவிடாதீர்கள், மாற்று இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் பெண் இன்று பார்த்தபோது 138/84.

ஆகஸ்ட் 12

கண்ணுக்குள் ஊசி போட வேண்டுமாம். மாத்திரை, கசிவு முற்றாமல் இருக்க உதவும். ஏற்கெனவே தேங்கிய நீர் வற்ற ஊசி தேவை. அப்பா முதலில் மிரண்டார், மரத்துப்போக சொட்டு மருந்து விடுவார்கள் என்றதும் சரி என்றார். அடுத்த வியாழன் தேதி வாங்கியாயிற்று.