எப்படியும் நீட்டித்துவிடுவார்கள்

"இந்த வருஷம் பரீட்சையை விட்டுவிடுங்கள். பிள்ளைகளைப் பாருங்கள். லைசென்ஸை எப்படியும் நீட்டித்துவிடுவார்கள்."

நான் சொன்னது இவ்வளவுதான். 2020 ஆகஸ்ட் கடைசி வாரம், ஜூமில், ஐந்து நிமிடப் பேச்சு. சொன்னபடியே நீட்டித்தார்கள், ஒரு முறைக்கு மேலேயே நீட்டித்தார்கள், அதனால் நான் பொய் சொன்னதாக யாரும் சொல்ல முடியாது. ஆனால் 2025 செப்டம்பரில் ஊரிலிருந்து அண்ணி போன் செய்து, "தம்பி, நீ அங்க டீச்சருங்க லைசென்ஸ் வேலைதானே பாக்குற, இந்த டெட் தீர்ப்புல ரெண்டு வருஷம்தான் டைம் குடுத்திருக்காங்களே, நீட்டிப்பாங்களா?" என்று கேட்டபோது எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை. ஓய்வு பெற ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கிறவர்கள், ஏற்கெனவே வேலையில் இருந்தாலும், இரண்டு வருடத்துக்குள் டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வை பாஸ் செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன வாரம் அது. அண்ணிக்கு 51 வயது. ஏதோ சொல்லி போனை வைத்துவிட்டேன். அன்றைக்கு ராத்திரி முழுக்க எனக்கு அண்ணி ஞாபகம் இல்லை, இந்த ஜூம் பேச்சுதான்.

அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு ஸ்கூல் டிஸ்ட்ரிக்டின் பணியாளர் அலுவலகத்தில் வேலை எனக்கு. யாரிடம் எந்த லைசென்ஸ் இருக்கிறது, எது காலாவதியாகிறது, யாருக்கு வேவர் (விதிவிலக்கு) கேட்க வேண்டும் என்று பார்ப்பதுதான் என் நாள் முழுக்க. அப்போது இங்கே எம்டெல் என்கிற மாநிலத் தேர்வில் பாஸ் ஆகாமல் பொதுவாக லைசென்ஸ் கிடைக்காது, லைசென்ஸ் இல்லாமல் சொந்தமாக ஒரு வகுப்பு கிடையாது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியதோடு தேர்வு மையங்களும் மூடின. தேர்வே நடக்காதபோது பாஸ் ஆகச் சொல்லி யாரைக் கேட்பது? அதனால் அந்தக் கோடையில் சட்டம் போட்டு அவசர லைசென்ஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இளநிலைப் பட்டம் இருந்தால் போதும், எம்டெல் இல்லாமலே கிடைக்கும். முதலில் 2021 ஜூன் 30 வரைதான் செல்லும் என்றார்கள்.

அந்த அறிவிப்பைப் படித்தபோது எனக்கு வந்த நிம்மதியை மறைக்க விரும்பவில்லை. வயதானவர்கள் முன்கூட்டியே ஓய்வு கேட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள், வீட்டில் நோயாளி வைத்திருப்பவர்கள் விடுப்பு கேட்டார்கள், ஆகஸ்ட் நடுவில் என் பட்டியலில் 14 இடங்கள் காலி. அதில் ஒன்று மூன்றாம் வகுப்பு.

நான் ஜூமில் பேசியது அந்த வகுப்பை ஏற்கவிருந்தவரிடம். அவர் அதே கட்டிடத்தில் 11 வருடமாகப் பாரா. வகுப்பாசிரியருக்கு உதவியாக, பின்வரிசையில் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து, தடுமாறுகிற பிள்ளைகளோடு படிப்பவர். வீட்டில் ஸ்பானிஷ். பகலில் வேலை, இரவில் கல்லூரி என்று ஒன்பது வருடம் இழுத்துப் பட்டம் வாங்கியவர். எம்டெல்லில் தொடக்கப் பள்ளிக்குத் தேவையான மற்றதையெல்லாம் முடித்துவிட்டார், ஒன்றே ஒன்று பாக்கி, வாசிக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி என்கிற தேர்வு. பாஸ் மதிப்பெண் 240. அவர் வாங்கியிருந்தது 236. அடுத்த தேர்வுக்கு 2020 ஏப்ரலில் இடம் பதிவு செய்திருந்தார், அது ரத்தாகிவிட்டது.

மையங்கள் மறுபடி கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தன. அன்றைக்கு ஜூமில் அவர் கேட்டது இதைத்தான். செப்டம்பரில் ஒரு இடம் கிடைக்கிறது, எழுதவா, இல்லை அவசர லைசென்ஸ் இருக்கிறதே, தள்ளிப்போடவா? கேட்டுக்கொண்டே தயாரிப்புப் புத்தகத்தைக் கேமரா முன்னால் தூக்கிக் காட்டினார். பக்க ஓரமெல்லாம் மஞ்சள் சீட்டுகள், சில சீட்டுகளின் நுனி சுருண்டு போயிருந்தது. மார்ச்சிலிருந்து படித்துக்கொண்டிருந்தவர். அதைப் பார்த்துக்கொண்டேதான் நான் விட்டுவிடுங்கள் என்று சொன்னேன்.

ஏன் சொன்னேன் என்று யோசிக்கும்போது முதலில் வருவது நல்ல காரணம்தான். பாதிப் பிள்ளைகள் வகுப்பில், பாதிப் பிள்ளைகள் திரையில் என்று முதல் முறையாக ஒரு வகுப்பைத் தனியாக ஏற்கப்போகிறவர், வயதான அம்மா வீட்டில், கூகுள் கிளாஸ்ரூம் இன்னும் கைக்கு வரவில்லை. இவ்வளவுக்கும் நடுவில் ஒரு பரீட்சை எதற்கு? யாராக இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். சரி. அப்புறம் இன்னொரு காரணமும் வருகிறது, அது வரும்போதுதான் எனக்குத் தூக்கம் போகிறது. செப்டம்பரில் எழுதி மறுபடியும் 236 வாங்கினால்? பிரின்சிபல் யோசிப்பார். இவரும் தன்மேல் நம்பிக்கை போய், நான் பாராவாகவே இருந்துவிடுகிறேன் என்பார். என் பட்டியலில் அந்த இடம் மறுபடி காலியாகும். அப்போது இதை இப்படி வரி வரியாக நினைத்தேனா என்று கேட்டால் இல்லை. ஆனால் நினைக்கவே இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

அந்த அக்டோபரில் அவர் வகுப்புக்கு ஒரு லேப்டாப் கொண்டுபோய்க் கொடுக்கப் போனேன். மாஸ்க்கோடு பத்துப் பிள்ளைகள் எதிரில், மிச்சப் பேர் திரையில். திரையில் ஒரு பையனின் கட்டத்தில் கூரையும் ஃபேனும் மட்டும் தெரிந்தது. அவர் அந்தப் பையன் பெயரைச் சொல்லி, ஸ்பானிஷில் ஏதோ சொன்னார். ஃபேன் மறைந்து ஒரு புத்தகப் பக்கம் வந்தது, அந்தப் பக்கத்தின் மேல் ஒரு சின்ன விரல். விரல் நகர நகர அவன் படித்தான். ஒரு சொல்லில் விரல் நின்றது. அவர் சொல்லிக்கொடுக்கவில்லை. வகுப்பு மொத்தமும் அமைதியாகக் காத்திருந்தது, நானும் கையில் லேப்டாப்போடு நின்றேன். ஒருவழியாக விரல் நகர்ந்தது. வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும், நான் சரியான ஆளைத்தான் அந்த இடத்தில் வைத்திருக்கிறேன் என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் அவர் பாஸ் ஆகாத தேர்வு வாசிப்பைப் பற்றியது. மூன்றாம் வகுப்பில் வாசிப்பைவிட முக்கியமானது எது? இதையும் நான் விட்டுவிட முடியாது. எம்டெல் 1998இல் முதன்முதலாக நடந்தபோது எழுதியவர்களில் 59 சதவீதம் பேர் ஃபெயில் ஆனார்கள், மாநிலமே அதிர்ந்துபோனது. ஆசிரியருக்கே தெரியாவிட்டால் பிள்ளைக்கு எப்படித் தெரியும் என்கிற அந்தக் கேள்வி நியாயமானது. பெருந்தொற்றுக்குப் பிறகு பாஸ்டன் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து பார்த்தபோது, அவசர லைசென்ஸில் வந்தவர்களில் கறுப்பினத்தவரும் ஸ்பானிஷ் பேசும் குடும்பத்தினரும் கூடுதலாக இருந்தார்கள், மேலதிகாரிகள் கொடுத்த மதிப்பீட்டில் மற்றப் புது ஆசிரியர்களுக்கும் இவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று வந்தது. அதைப் படித்து எவ்வளவு சந்தோஷப்பட்டேன். சந்தோஷப்பட்டதே, என் ஐந்து நிமிடப் பேச்சுக்கு யாரோ ஆதாரம் கொடுத்துவிட்டார்கள் என்பதாலா?

மற்ற மாநிலங்களில் இதைவிடப் பெரிய தளர்வெல்லாம் நடந்தது. கான்சாஸில் 2022 ஜனவரியில் 18 வயதாகி உயர்நிலைப் பள்ளி முடித்திருந்தால் மாற்று ஆசிரியராக வரலாம் என்றார்கள், நியூ மெக்ஸிகோவில் தேசியக் காவல் படையினரை வகுப்புக்கு அனுப்பினார்கள். அதெல்லாம் வந்து நின்று போகிற வேலை. அவசர லைசென்ஸ் அப்படி இல்லை. அதை நம்பி ஒருவர் கையில் இருந்த வேலையை விட்டுவிட்டு வருகிறார்.

இவர் விட்டுவிட்டுத்தான் வந்தார். பாராக்களின் ஒப்பந்தம் வேறு, ஆசிரியர்களின் ஒப்பந்தம் வேறு. அங்கே ராஜினாமா செய்துவிட்டுத்தான் இங்கே சேர வேண்டும் என்று படிவத்தை நீட்டியவன் நான். ஒரு வருடம் சம்பளமில்லா விடுப்பு கேட்டுப் பார்த்திருக்கலாம், அவருடைய 11 வருட மூப்பு அப்படியே இருந்திருக்கும். எனக்கு அன்றைக்கு அது தோன்றவே இல்லை. அவருக்கும் தோன்றவில்லை, ஆனால் அது அவர் வேலை இல்லை, என் வேலை.

நீட்டிப்புகள் வந்தன. ஒவ்வொரு முறையும் நான்தான் முதலில் அவருக்கு மெயில் அனுப்பினேன், பார்த்தீர்களா, சொன்னேன் அல்லவா என்கிற தொனியில். இடையில் இரண்டு முறை தேர்வும் எழுதினார். 2021 டிசம்பரில் 231. 2022 வசந்தத்தில் 234. முழுநேரம் வகுப்பு எடுத்துக்கொண்டு, சனிக்கிழமை காலையில் போய் எழுதியது. இந்த இரண்டு எண்களையும் வைத்துக்கொண்டு என்னால் இரண்டு பக்கமும் வாதாட முடிகிறது. 2020 செப்டம்பரில் எழுதியிருந்தாலும் வந்திருக்காது என்று ஒரு பக்கம். ஆறு மாதம் படித்துச் சூடாக இருந்தபோது எழுதவிடாமல் ஆறவிட்டவன் நான் என்று இன்னொரு பக்கம்.

2023 கோடையில் அவர் லைசென்ஸ் முடிந்தது. அந்த வருடம் நவம்பரோடு புதிதாக அவசர லைசென்ஸ் கொடுப்பதையும் மாநிலம் நிறுத்தியது. எங்களுக்கு மிச்சம் இருந்தது வேவர் மட்டும். வேவர் என்றால், நல்லெண்ணத்தோடு தேடியும் லைசென்ஸ் உள்ள, தகுதியான ஆள் கிடைக்கவில்லை, அதனால் இவரை வைத்துக்கொள்ள அனுமதி கொடுங்கள் என்று டிஸ்ட்ரிக்ட் மாநிலத்திடம் எழுதிக் கேட்பது. ஆனால் அந்த முறை ஆள் கிடைத்திருந்தது. கல்லூரி முடித்த கையோடு, எல்லாத் தேர்வும் பாஸ் செய்த ஒரு பெண் விண்ணப்பித்திருந்தார். பிரின்சிபல் என்னிடம், "ஏதாவது வழி இருக்கிறதா?" என்றார். "ஆள் இல்லை என்று நான் எழுத முடியாது" என்றேன். அதில் எனக்குக் குற்ற உணர்ச்சி இல்லை. அந்தப் பெண்ணும் நியாயமாகப் படித்து வந்தவர், அவர் விண்ணப்பமே வரவில்லை என்பதுபோல எழுதினால் என் வேலைக்கு அர்த்தம் இல்லை. விதியை வளைக்கச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவும் இல்லை. இருந்தாலும், 2020இல் விதி தளர்ந்தபோது அவரிடம் அவ்வளவு உரிமையோடு பேசிய நான், 2023இல் விதி இறுகியபோது ஒரு மெயிலோடு முடித்துக்கொண்டேன்.

அவர் நேரில் வந்தார், மடிக்கணினியையும் வகுப்புச் சாவியையும் திருப்பிக் கொடுக்க. கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சாவியை மேசையில் வைத்துவிட்டு, "அந்த செப்டம்பரில் எழுதியிருந்தால் வந்திருக்குமா?" என்று கேட்டார். என்னைக் குத்துவதற்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார், மருத்துவரிடம் கேட்பதுபோல. "சொல்ல முடியாது" என்றேன். அவர் தலையசைத்தார். நான் சொல்லியிருக்க வேண்டியது வேறு. எழுதாதீர்கள் என்று சொன்னது நான், அதை எனக்காகவும் சேர்த்துச் சொன்னேனோ என்று சந்தேகமாக இருக்கிறது, இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் அவருக்கு என்ன கிடைத்திருக்கும் என்றும் தெரியவில்லை. எனக்குத்தான் பாரம் குறைந்திருக்கும்.

அதே கட்டிடத்தில் மறுபடி பாராவாகச் சேர்ந்துவிட்டார், சம்பளப் பட்டியலில் முதல் படியிலிருந்து. மூன்று வருடம் அவர் நின்ற அதே வகுப்பில், பின்வரிசையில்.

அண்ணிக்கு இரண்டு நாள் கழித்து நானே போன் செய்தேன். நீட்டிப்பார்களா என்பதை விட்டுவிட்டு, "படிக்க ஆரம்பிங்க அண்ணி" என்றேன். "25 வருஷமா பாடம் நடத்துறேன், இப்ப என்னைப் படின்னு சொல்றியா?" என்றார். குரலில் இருந்த வலி எனக்குப் புரிந்தது, இந்த முறையும் தவறான பதிலைத்தான் சொல்கிறேனோ என்றும் தோன்றியது.

பாராவிலிருந்து ஆசிரியராக மாறுகிறவர்களுக்கு எங்கள் அலுவலகம் அனுப்பும் கடிதத்தில் இப்போது ஒரு வரி சேர்த்திருக்கிறேன். ராஜினாமாவுக்கு முன்னால் ஒரு வருட விடுப்புக்கு விண்ணப்பித்துப் பாருங்கள், தேர்வுத் தேதி கிடைத்தால் தள்ளிப்போடாதீர்கள் என்று. மேலே இருப்பவர்கள் சரி என்றுதான் சொன்னார்கள். இதுவரை நாலு பேருக்குப் போயிருக்கிறது. அந்தக் கட்டிடத்துக்குப் போகும்போதெல்லாம் அவரிடம் இதைச் சொல்ல நினைக்கிறேன், இன்னும் சொல்லவில்லை.