கில்மேனம் சிறையிலிருந்து கிளாஸ்னெவின் வரை

அயர்லாந்தின் ஃபியானா ஃபாயில் கட்சியின் கதை தலைநகர் டப்ளின் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. அங்கே இறங்கிய மறுநாள் காலையே கில்மேனம் சிறைக்குப் போய்விட்டேன். போகிறவர்கள் முன்கூட்டியே இணையத்தில் சீட்டு எடுத்துக்கொள்ளுங்கள், கூட்டம் அதிகம்.

கல் உடைக்கும் முற்றத்தில் இரண்டு சிலுவைகள் நிற்கின்றன. 1916 மே மாதம், பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான ஈஸ்டர் எழுச்சிக்காக 14 பேரை ஆங்கிலேயர் சுட்டுக் கொன்றது இங்கேதான். காயத்தால் நிற்க முடியாத எழுச்சித் தலைவர் ஜேம்ஸ் கானலியை நாற்காலியில் உட்கார வைத்துச் சுட்டார்கள். இதெல்லாம் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். ஆனால் 1922 நவம்பர் 17 அன்று இதே சிறையில் நான்கு இளைஞர்களைச் சுட்டது அயர்லாந்தின் சொந்த அரசு என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

சொந்த மக்களே இரண்டாகப் பிரிந்த அந்தப் பிளவில்தான் ஃபியானா ஃபாயில் கட்சியின் கதை தொடங்குகிறது. 1921 டிசம்பரில் பிரிட்டனுடன் ஓர் ஒப்பந்தம். சுதந்திரம் கிடைத்தது, ஆனால் நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஆங்கிலேய மன்னருக்கு விசுவாசமாக இருப்போம் என்று உறுதிமொழி எடுக்க வேண்டும். 64-க்கு 57 என்று ஒப்பந்தம் நிறைவேறியது. விடுதலைப் போராட்டத் தலைவர்களில் ஒருவரான ஏமன் டி வலேரா எதிர்த்து வெளியேறினார். உள்நாட்டுப் போர் மூண்டது, கூடவே போராடியவர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். தோற்ற பக்கம் டி வலேராவுடையது. அவர் இதே கில்மேனத்தில் அடைபட்டு 1924 ஜூலையில் வெளியே வந்தார்.

அப்புறம் ஓ'கானல் தெருவுக்கு வந்தேன். தலைமை அஞ்சலகத்தை ஒட்டிய சந்தில் லா ஸ்காலா என்றொரு அரங்கம் இருந்தது. 1926 மே 16 அன்று டி வலேரா ஃபியானா ஃபாயில் என்ற புதுக் கட்சியைத் தொடங்கியது அங்கேதான். அரங்கத்தை இடித்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. எல்லாரும் பையும் கையுமாகக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

கில்டேர் தெருவில் நாடாளுமன்றத்தின் கம்பி வேலிக்கு வெளியே நெடுநேரம் நின்றேன். 1927 ஜூலையில் ஒப்பந்த ஆதரவு அரசின் அமைச்சர் கெவின் ஓ'ஹிக்கின்ஸ் கொல்லப்பட்டார். அதையடுத்து, உறுதிமொழி எடுக்கச் சம்மதிக்காதவர் தேர்தலிலேயே நிற்க முடியாது என்று அரசு சட்டம் கொண்டுவந்தது. ஆகஸ்டில் டி வலேரா உள்ளே போனார். பைபிளை எடுத்துத் தள்ளி வைத்தார், நான் உறுதிமொழி எதுவும் எடுக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே பதிவேட்டில் கையெழுத்திட்டார். வெறும் வார்த்தைச் சடங்கு என்பது அவர் வாதம். அதை ஐந்து வருடம் முன்னால் சொல்லியிருந்தால் அந்த நான்கு பையன்கள் பிழைத்திருப்பார்களே என்று எனக்கு மனசு ஆறவில்லை. ஆனாலும் துப்பாக்கியை விட்டுவிட்டு அந்தப் படியேறியதுதான் அவர் வாழ்க்கையின் பெரிய காரியம் என்று நினைக்கிறேன். 1932-ல் ஆட்சி அமைதியாக அவர் கைக்கு மாறியது. மறுவருடமே அந்த உறுதிமொழியை நீக்கினார். 1937-ல் அவர் கொண்டுவந்த அரசியலமைப்பிலிருந்துதான் நம் அரசியலமைப்பின் அரசு நெறிமுறையுறுத்தும் கோட்பாடுகள் வந்தன. பள்ளியில் ஒரு மதிப்பெண் கேள்வியாக மனப்பாடம் செய்த விஷயம்!

அவருக்குப் பின் 1959-ல் பிரதமராக வந்த ஷான் லெமாஸ்தான் எனக்கு மிகவும் பிடித்தவர். உள்நாட்டுப் போர் முடிந்த பிறகும் அவருடைய அண்ணன் நோயலைக் கடத்திக் கொன்று டப்ளின் மலையில் போட்டுவிட்டார்கள். லெமாஸ் அதைப் பற்றி வெளியே பேசுவதே அபூர்வம். பகையை வளர்க்காமல் வெளிநாட்டு முதலீட்டுக்கு நாட்டைத் திறந்துவிட்டார், 1965-ல் பிரிட்டனுடன் இருக்கும் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டுக்கே போய் அதன் பிரதமரைச் சந்தித்தார். பின்னால் இதே கட்சியின் பிரதமர் பெர்ட்டி ஏஹெர்ன், 1998 ஏப்ரலில், தாயை அடக்கம் செய்த அதே நாளில் வட அயர்லாந்து சமாதானப் பேச்சுக்குத் திரும்பினார். கட்சி சறுக்கியதும் உண்டு. பொருளாதாரம் சரிந்த பின் 2011 தேர்தலில் 20 இடம்தான். அந்த வருடம் தலைமைக்கு வந்த மீஹால் மார்ட்டின், 2020-ல் ஒப்பந்தத்தை ஆதரித்தவர்களின் வாரிசான ஃபினா கேலுடன் கூட்டணி அரசு அமைத்துப் பிரதமரானார். உள்நாட்டுப் போர் முடிந்து 97 வருடம்.

கடைசி நாள் கிளாஸ்னெவின் கல்லறைத் தோட்டம். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட மைக்கேல் காலின்ஸ், 31 வயதில் சுடப்பட்டவர், இங்கே இருக்கிறார். கல்லறை நிறையப் பூ. டி வலேராவும் இதே தோட்டத்தில்தான், 92 வயது வரை வாழ்ந்து, மனைவி ஷினேடுடனும் இளம் வயதில் இறந்த மகனுடனும். எளிய கல். காலின்ஸிடமிருந்து அவர் இருக்கும் இடத்துக்கு நடந்தே போனேன்.