நோய் வராத இரட்டையரின் பிள்ளைகள்

மரபணுவைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "அப்படியானால் எல்லாம் தலையெழுத்துதானா?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். அப்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருபவர் இர்விங் காட்டெஸ்மேன். 1930இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் பிறந்து, 1960இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் உளவியலில் முனைவர் பட்டம் பெற்ற இவர், பின்னாளில் பல்கலைக்கழகங்கள் பல மாறினாலும், 2016இல் மறையும்வரை ஒரு கேள்வியை விடவே இல்லை: மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) ஏன் சில குடும்பங்களில் மட்டும் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது?

அவர் ஆய்வுக்கு வந்த காலத்தில், பிள்ளைக்கு இந்நோய் வரத் தாயின் வளர்ப்பே காரணம் என்று அமெரிக்க மனநல மருத்துவர்கள் பலர் கூசாமல் சொல்லிவந்தார்கள். லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையிலோ, சிகிச்சைக்கு வருபவர்களில் இரட்டையராகப் பிறந்தவர்களைக் கேட்டறிந்து பதிவேட்டில் குறித்துவைக்கும் வழக்கம் 1948 முதலே இருந்தது. (ஒரு துறையே இப்படிப்பட்ட குமாஸ்தா வேலையின் மேல் நிற்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.) அந்தப் பதிவேட்டிலிருந்து சக ஆய்வாளர் ஜேம்ஸ் ஷீல்ட்ஸுடன் சேர்ந்து அவர் ஆராய்ந்த 57 இணைகளில், ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு நோய் இருந்தால் மற்றவருக்கும் இருப்பது ஏறத்தாழப் பாதிக்குப் பாதியாகவும், தனித்தனிக் கருவிலிருந்து வளர்ந்து, சாதாரண உடன்பிறப்புகள் அளவுக்கே மரபணு ஒற்றுமை கொண்ட இருகரு இரட்டையரிடம் அதைவிட மிகக் குறைவாகவும் இருந்தது. உறவு விலக விலக நோய்க்கான வாய்ப்பு இவ்வளவு வேகமாகச் சரிவதற்கு ஒற்றை மரபணு காரணமாக இருக்க முடியாது, சிறுசிறு விளைவுள்ள பல மரபணுக்கள் ஒன்றுகூடுவதே காரணம் என்று 1967இல் இருவரும் எழுதினார்கள். அதைச் சோதித்துப் பார்க்கும் கருவிகள் அன்று இல்லை. மரபணுத்தொகுதியில் இந்நோயோடு தொடர்புடைய 108 இடங்களைப் பன்னாட்டு ஆய்வுக்குழு ஒன்று 2014இல் அறிவித்தபோது, காட்டெஸ்மேன் அதைப் பார்க்க உயிரோடிருந்தார்.

எனக்குப் பிடித்தது, ஆக்ஸெல் பெர்டெல்சனுடன் சேர்ந்து டென்மார்க் இரட்டையரைப் பற்றி அவர் 1989இல் வெளியிட்ட ஆய்வு. ஒருகரு இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்து, மற்றவருக்கு வராமலே போன இணைகளை எடுத்துக்கொண்டு, இருவரின் பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். நோயாளியின் பிள்ளைகளுக்கு நோய் வரும் வாய்ப்பு 16.8 விழுக்காடு; நோய் அண்டாத மற்றவரின் பிள்ளைகளுக்கோ 17.4 விழுக்காடு. நோயில்லாமல் வாழ்ந்தவரும் அதே மரபைச் சுமந்திருக்கிறார், பிள்ளைகளுக்கும் கொடுத்திருக்கிறார். அவரிடம் மட்டும் அது வெளிப்படவில்லை. ஆராய்ந்த குடும்பங்கள் குறைவு என்பதால் தசமப் புள்ளிக்குப் பின்னால் உள்ளதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனாலும் தலையெழுத்தா என்று கேட்பவரிடம் நான் முதலில் சொல்வது இந்த இரண்டு எண்களைத்தான்.