பீலித் தண்ணீரும் பளபளா பைப்பும்

தேயிலைத் தோட்டத்தில் கிடைத்த தனிவீடு எங்களுடையது. 7 பேர்ச் காணி, அதில் 550 சதுர அடி வீடு. வரிசையாக ஒட்டிக் கட்டிய லயக் காம்பராவில் வளர்ந்தவர்களுக்கு அதுவே பெரிது. ஆனால் பாத்ரூம் தரை வெறும் சீமெந்தாகவே கிடந்தது, மண்மேட்டை ஒட்டிய பின்சுவர் எப்போதும் ஈரம். தென்மேல் பருவமழை ஹட்டன் பக்கம் பிடித்துக்கொள்வதற்குள் முடித்துவிடலாம் என்று மார்ச்சில் வேலையைத் தொடங்கினேன். இப்போது ஜூன். மழை வந்துவிட்டது, வேலை முடியவில்லை.

முதலில் ஏமாந்தது பைப்பில். கண்டியில் ஒரு கடையில், ஒற்றைப் பிடியைத் தூக்கினால் தண்ணீர் கொட்டும் மிக்சர் பைப்பைப் பார்த்து மயங்கிவிட்டேன். "முதல்ல நம்ம வீட்டுல தண்ணி எப்படி வருதுன்னு பாருங்க" என்று மனைவி சொன்னாள். கேட்கவில்லை. கொண்டுவந்து மாட்டினால் சின்னப்பிள்ளை ஒண்ணுக்குப் போகிற மாதிரி ஒரு நூல்தான் வந்தது. மேசன் பாஸ் அண்ணாந்து டேங்கைப் பார்த்தார். "தம்பி, இந்த டேங்கைத் தூக்கி அந்த டர்பன்டைன் மரத்து உச்சியில கட்டினா வரும்" என்றார்.

அவர் சொன்னது பகிடியாக இருந்தாலும் கணக்கு சரி. மிக்சர் பெட்டியில் குறைந்தது 1 பார் அழுத்தம் வேண்டும் என்று போட்டிருந்தது. 1 பார் கிடைக்கத் தண்ணீர் சுமார் 10 மீற்றர் உயரத்தில் நிற்க வேண்டும். எங்கள் டேங்க் ஷவருக்கு மேலே 5 அடி, அதாவது 0.15 பார். நம்பிக்கை போகாமல் வாளி வைத்தும் பார்த்தேன். 10 லீற்றர் வாளி மிக்சரில் நிரம்ப 4 நிமிடத்துக்கு மேல் ஆனது. அதே இடத்தில் பழைய பித்தளைத் திருகு பைப்பை மாட்டியதும் 1 நிமிடம் 10 செக்கன்.

இன்னொரு சங்கதி மணல். எங்களுக்கு வருவது பீலித் தண்ணீர், மலை ஊற்றிலிருந்து இறங்குவது. நல்ல மழை பெய்தால் கொஞ்சம் மண்ணும் சேர்ந்து வரும். மிக்சருக்குள் ஒன்றோடொன்று உரசுகிற இரண்டு செராமிக் தட்டுகள் இருக்கின்றன. மணல் அதில் கோடு கிழித்துவிட்டால் அப்புறம் சொட்டுச் சொட்டுதான், உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜையே மாற்ற வேண்டும். திருகு பைப்புக்கு வாஷர் போதும். ஹட்டன் டவுனில் எந்த ஹார்ட்வெயார் கடையிலும் கிடைக்கும், அவசரத்துக்குப் பழைய டியூப்பை வெட்டியும் போட்டுக்கொள்ளலாம். அரை அங்குலப் பித்தளைப் பைப் மூன்று வாங்கினேன். மிக்சர் பெட்டியோடு அலுமாரி மேல் இருக்கிறது. அதன் விலையை அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

சுடுதண்ணீர் ஹீட்டர் ஆசையும் அதோடு போயிற்று. இன்ஸ்டன்ட் ஹீட்டருக்கும் அழுத்தம் வேண்டும். தண்ணீர் மெதுவாக வந்தால் உள்ளே இருக்கும் சுவிட்ச் வேலை செய்யாது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிப் போடும் மிலாறுக் குச்சி விறகுக்குக் கிடைக்கும்வரை அடுப்பில் அண்டா கொதிக்கட்டும்.

டைல் விஷயத்தில் கொஞ்சம் புத்தி வந்திருந்தது. மூன்று சாம்பிள் வாங்கிவந்து, பழைய தரையில் வைத்து, சவர்க்காரத் தண்ணீர் ஊற்றி, வெறுங்காலோடு ஏறி நின்றேன். பளிங்கு மாதிரி இருந்தது கால் வைத்ததுமே இழுத்தது. அதோடு, மிஸ்ட் இறங்குகிற நாளில் கதவைத் திறந்து வைத்தால் அதன் மேல் நீர் பூத்துவிடுகிறது. சொரசொரப்பானதில் கால் நின்றது, ஆனால் இரண்டு நாளில் அழுக்கு ஏறி, பிரஷ் போட்டும் போகவில்லை. நடுத்தரமாக இருந்த 1 அடிச் சாம்பல் நிற மெட் டைல்தான் தேறியது. பெட்டியில் R10 என்று இருந்தது. அந்த எண் கூடக் கூட வழுக்கல் குறையும். டைல் சின்னதென்றால் தண்ணீர் ஓடும் துவாரத்துக்கு வாட்டம் கொடுப்பதும் மேசனுக்குச் சுலபம்.

கடைசிப் பரீட்சை அப்பாயிக்கு. கம்பை வைத்துவிட்டு ஈர டைலில் ஏறி நின்றார். "மலையில கொழுந்தெடுக்கிறப்ப கால் ஊணி நிக்குமே, அப்படி நிக்குதுடா" என்றார். R10 பற்றி நான் சொன்னது அவர் காதில் விழவே இல்லை.

அதிலும் ஒரு கோட்டை விட்டேன். இரண்டு பெட்டி குறைந்து, பிறகு போய் வாங்கிவந்தேன். பெயர் அதே, அளவு அதே, பெட்டியில் ஷேட் நம்பர் மட்டும் வேறு. பதித்து முடித்த பிறகுதான் கொமட் பக்கம் ஒரு வரிசை நீலம் பாய்ந்து தெரிந்தது. 10 சதவீதம் கூடுதலாக ஒரே தடவையில் வாங்கியிருக்க வேண்டும். கொமட் அதில் பாதியை மறைக்கிறது, மீதியை நான் மட்டும்தான் பார்க்கிறேன் என்று மனைவி சொல்கிறாள்.

பல்பு மனைவியின் தேர்வு. 6500 கெல்வின் வெள்ளை வெளிச்சத்தில் மழை நாளில் பாத்ரூம் ஆஸ்பத்திரி வாட்டு மாதிரி இருந்தது. மஞ்சள் சாயலான 3000க்கு மாற்றினாள், சரியாகிவிட்டது.

மிச்சம் பின்சுவர். போன வருடம் பூசிய புட்டி அப்பளம் மாதிரி பொங்கி உதிர்ந்ததால் இம்முறை அவசரப்படவில்லை. சுரண்டிவிட்டு, ஓர் அடிப் பொலித்தீன் துண்டை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டியிருக்கிறேன். ஒரு நாள் கழித்து உள்பக்கம் நீர் கோர்த்திருந்தால் ஈரம் சுவரிலிருந்தே வருகிறது. அப்படியானால் வெளியே மண்ணை இறக்கித் தண்ணீர் வடியக் கான் வெட்ட வேண்டும், சுவருக்குச் சுண்ணாம்புதான். வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் ஜன்னலைப் பெரிதாக்கினால் போதும். ஒட்டியது இன்று காலை ஏழு மணிக்கு. மத்தியானம் எட்டிப் பார்த்தேன், உள்ளே கொஞ்சம் மங்கலாகத்தான் தெரிகிறது. பாஸுக்குப் போன் பண்ணி, நாளைக்கு மண்வெட்டியும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.